பதினேழாம் நம்பர் கிளிப்

பலகையில் பதினேழாம் நம்பர் கிளிப்பைக் காணோம்.

காலையில் இருந்தது. பல் டாக்டர் தன் கையாலேயே மாட்டினார். கிரில் பட்டறைப் பெரியவன் பக்கத்தில் நின்று பார்த்தான். துணி காயப்போடுகிற மரக் கிளிப்புதான், முதுகில் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதி, இன்னும் வாசனை போகாத புதுசு. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சுருட்டிப் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால் பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது, நடுவில் பல் விழுந்த ஈறு மாதிரி ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"யாருய்யா பதினேழ எடுத்தது?" பல் டாக்டர் சத்தம் போட்டார். ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடுகிற இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அவர்தான். "நானே சொல்லிட்டுத்தான் பல்லைப் புடுங்குவேன். சொல்லாமப் புடுங்கினது யாரு?"

"என்னைப் பாக்காதீங்க," என்றார் தையல்காரர். "வீட்ல துணிக்குக் கிளிப் இல்லன்னு அவ தினம் கத்தறா. எடுக்கறதுன்னா நான் பலகையோட எடுத்துட்டுப் போயிருப்பேன்."

சிரித்தார்கள். பெரியவனும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, தன் சட்டைப் பையை ஒரு தடவை, பேண்ட் பையை ஒரு தடவை தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை.

பொம்மை ஹெலிகாப்டர் என்று வெளியாள் சொல்வான். அதன் இறக்கை சுற்றுகிற வேகத்தில் மூங்கில் கழியை நீட்டினால் கழி இரண்டாகும். அதனால் இவர்களுக்குப் பலகைதான் சட்டம். ரிமோட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒரே எண்ணில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரிமோட்டைப் போட்டால் மேலே பறப்பது யார் சொல்லையும் கேட்காது. புதுசாக வருகிற ரிமோட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பழசை விடாதவர்கள். அவர்கள் முதலில் பலகைக்குப் போய்த் தங்கள் எண்ணின் கிளிப்பை எடுத்துக் காலரில் மாட்டிக்கொள்ள வேண்டும், பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும். கிளிப் பலகையில் இருந்தால் அந்த எண் சும்மா இருக்கிறது. இல்லை என்றால், யாரோ பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பதினேழாம் எண்ணில் இரண்டே இரண்டு ரிமோட்டுகள் இருந்தன. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் வாங்கினார்கள் பெரியவனும் அவன் தம்பி சின்னவனும். ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை அவர்களுடையது. வாரம் முழுக்க இரும்புப் பொறியில் கண் எரிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வானத்தைப் பார்ப்பது மருந்து மாதிரி. அண்ணன் முதலில் கற்றுக்கொண்டு தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தான். பின்னால் நின்று, இரண்டு பக்கமும் கையைக் கொடுத்து, தம்பியின் கட்டைவிரல்கள்மேல் தன் கட்டைவிரல்களை வைத்து, "இடது குச்சியைக் கீழ இழுத்தா இறங்கும். மெதுவாடா. தூங்கற குழந்தையக் கீழ விடற மாதிரி." தம்பியின் இடது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருக்கும், இரும்பு அறுக்கிற மெஷின் தின்றது போக மிச்சம். அந்த மொட்டை நகம் தன் விரலுக்கடியில் உறுத்துவது பெரியவனுக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

தன்னுடைய ரிமோட்டை அவன் போன வருடமே பட்டறைச் சுத்தியலால் நொறுக்கிவிட்டான். ஆக உலகத்தில் பாக்கி இருக்கிற பதினேழு ஒன்றே ஒன்று. அது தம்பியுடையது. அதைத்தான் தம்பி மனைவி வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு துணிப்பையில் போட்டு, ஹெலிகாப்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்து, மைதானத்தின் வாசலில் வந்து இறங்கினாள்.

மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலையின் பின்பக்க மைதானம் அது. முழங்கால் உயரப் புல்லை வெட்டி நடுவில் ஒரு தளம். தளத்தின் ஓரத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருக்கும். பறக்கவிடுகிறவன் அதற்குள்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் தகரக் கொட்டகை. போன வருடம் இதே வார இறுதியில், இதே கட்டத்தில் நின்றபடிதான் சின்னவன் போனான், தன்னுடைய ஹெலிகாப்டர் தன்மேலேயே இறங்கி.

"கொண்டாம்மா," என்று பெரியவன் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. கொட்டகை வரை தானே தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள். உடைந்து கிடந்ததை எட்டு மாதம் உட்கார்ந்து பெரியவன்தான் சரிசெய்திருந்தான். ஒவ்வொரு திருகும் அவனுக்குத் தெரியும்.

பிறகு அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேட்டரியை எடுத்தாள். பழசு. ஓரம் நசுங்கியது. பல் டாக்டரிடம் நீட்டினாள்.

"டாக்டர், இது அன்னிக்குத் தீந்துபோயிருந்துச்சான்னு சொல்ல முடியுமா?"

டாக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருஷம் ஆச்சும்மா. இனிமே அது வாயத் தொறக்காது."

"சார்ஜர்ல மாட்டினேன். சுவத்து ஸ்விட்சப் போடல. அவர் காலைல பாக்காம எடுத்துட்டு வந்துட்டாரு." இதை அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள் போலும், தேய்ந்துபோன படிக்கட்டில் இறங்குகிற மாதிரி சொன்னாள். டாக்டர் பெரியவனைப் பார்த்தார். பெரியவன் மேசையின் காலைப் பார்த்தான்.

டாக்டர் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் அவள் அதை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, "நாளைக்குக் காலைல பாப்பாவ எங்க அக்கா வீட்ல விட்டுடறேன் மாமா. அங்கேயே பள்ளிக்கூடத்துல சேக்கப் பேசியாச்சு," என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"விடறதுன்னா விடறதுதான்."

"என்னம்மா பேசறே? ஆறு வயசுப் புள்ள…"

"ஒரு ஸ்விட்சப் போட மறந்தவ நான். நாளைக்கு அடுப்ப அணைக்க மறப்பேன். ரோட்ல அவ கையப் புடிக்க மறப்பேன். என்னை நம்பி நானே அவள விடமாட்டேன் மாமா." விரிப்பை மடித்தாள். நுனியோடு நுனி சேர்த்து, கவனமாக. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இது மேல போயி ஒழுங்கா இறங்கறதப் பாக்கணும். அவ்வளவுதான்."

ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகைப் பெரியவன் மறுபடி முறுக்கினான்.

பேட்டரி தீரவில்லை. அது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு எல்லோரும் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினபோது, புல்லில் கவிழ்ந்து கிடந்த ஹெலிகாப்டரை நிமிர்த்தியவன் அவன்தான். அதன் வயிற்றுக்குள், பேட்டரியில் ஓடி இறக்கையைச் சாய்க்கிற சின்ன மோட்டார்கள் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தன, வெட்டுப்பட்ட பல்லி வால் மாதிரி. அவன்தான் ஸ்விட்சை அணைத்தான். அணைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அதற்கு முந்தினதையும் சொல்ல வேண்டும்.

சின்னவனுக்கு ஒரு வித்தை பிடிக்கும். நல்ல உயரத்துக்குப் போய் எஞ்சினை அடக்கிவிடுவான். சத்தமே இல்லாமல், காற்றிலேயே இறக்கை சுற்ற, மரத்திலிருந்து விதை இறங்குகிற மாதிரி இறக்குவான். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் நிறுத்தி மூக்கை இரண்டு தடவை தாழ்த்துவான். "அண்ணனுக்கு ஒரு கும்பிடு." அப்புறம்தான் வைப்பான். அன்று பெரியவன் இந்தக் கொட்டகைக்குள் தன்னுடையதைத் திருகிக்கொண்டிருந்தான். மேலே எஞ்சின் இரைந்தது. நின்றது. இறங்கிவிட்டான் என்று நினைத்தான். கிளிப் தம்பி காலரில் இருக்கிறது, வாங்கிக்கொண்டு வரலாம் என்றும் நினைத்தான். எழுந்து போகச் சோம்பல். ஒரே ஒரு தடவை இறக்கைக்கு அடியில் இருக்கிற தட்டு நிமிர்கிறதா என்று பார்க்கத்தானே என்று ரிமோட்டைப் போட்டான். இரண்டு செகண்டு.

வெளியே யாரோ கத்தினார்கள்.

அந்தக் கிளிப் பிறகு கிடைக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி மூட்டையில் இல்லை, புல்லிலும் இல்லை. கிளிப்பின் நுனியைக் கடிப்பது சின்னவன் பழக்கம். "உன் பல்லு என் கிட்டதாண்டா வரணும்" என்று டாக்டர் கேலி செய்வார்.

அவள் வெளியே போனாள். கொட்டகையில் பெரியவன் மட்டும். தகரத்தின் சூடு மேலிருந்து இறங்கியது. எரிந்த விளக்கெண்ணெய் வாசனை, இந்த எஞ்சின்களுக்கே உரிய அந்தத் தித்திப்பும் கருகலும் கலந்த வாசனை, எப்போதும் கொட்டகைச் சுவரில் ஊறி இருப்பதுதான், இன்று யாரோ இப்போதுதான் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே போன மாதிரி பச்சையாக இருந்தது. புது பேட்டரியை மாட்டினான். ஹெலிகாப்டரின் ஸ்விட்சைத் தள்ளினான். ரிமோட் துணிப்பைக்குள், அணைந்து, இரண்டு கை தூரத்தில்.

ஜிர்ர்.

இறக்கைக்கு அடியில் இருக்கிற வட்டத் தட்டு அசைந்தது. பெரியவன் கையை எடுத்துக்கொண்டான். ரிமோட் போடாவிட்டால் சில சமயம் துடிக்கும்தான், காற்றில் வருகிற கண்டதையும் பிடித்துக்கொண்டு. அது தாறுமாறாகத் துடிக்கும். இது தாறுமாறு இல்லை. தட்டு மெதுவாக முன்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்தது.

இரண்டு தடவை.

அவன் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "யாராவது பதினேழப் போட்டிருக்கீங்களா?"

"உங்களத் தவிர யாருகிட்ட இருக்கு பெரியவரே?" டாக்டர் தன் கருவியை எடுத்தார், எந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று முள் காட்டும். பதினேழுக்குத் திருப்பினார். முள் படுத்தே கிடந்தது. "காலி. சுத்தமா."

"கிளிப் இல்லாம எப்படி…"

"அதான் நானும் யோசிக்கறேன். சட்டம் போட்டவனே மீறக் கூடாது." டாக்டர் தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் சுண்ணாம்புக் கட்டத்துக்குப் பக்கத்தில், வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் பெருமூச்சு விட்டுத் தன் காலரில் இருந்த கிளிப்பைக் கழற்றி, பென்சிலால் பதினேழு என்று எழுதிப் பெரியவன் காலரில் மாட்டினார். "நான் இன்னிக்குப் பறக்கவிடல. போங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டுதான் அவன் ஒரு வருடம் சோறு தின்றிருக்கிறான். இப்போதும் அடக்கிக்கொண்டு, ஹெலிகாப்டரைத் தளத்தில் வைத்து, ரிமோட்டோடு கட்டத்துக்குள் போய் நின்றான்.

எஞ்சின் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை. இறக்கை சுற்றச் சுற்றத் தரையில் புல் படுத்து ஒரு வட்டம் விழுந்தது, தண்ணீரில் கல் போட்ட மாதிரி விரிந்தது. குச்சியைத் தள்ளினான். எழுந்தது. எட்டு மாதம் அவன் கையால் தடவித் தடவிச் சேர்த்த சாமான், சொன்னபடி கேட்டது. இடமென்றால் இடம், வலமென்றால் வலம், சாயங்கால வெயில் இறக்கையில் பட்டுத் தகடாய் மின்ன, உயரே, இன்னும் உயரே. பின்னால் தையல்காரர், "அப்படியே சின்னவர் கையி!" என்றார். பெரியவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு லேசாகத் திறந்திருந்தது. இதை இறக்கிவைத்துவிட்டால் போதும். ஒழுங்காக இறக்கிவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டான்.

எஞ்சின் நின்றது.

அவன் ஒன்றும் தொடவில்லை.

எல்லோரும் அண்ணாந்தார்கள். சூரியன் சரியாக அந்த இடத்தில். கூசியது. கையால் மறைத்துப் பார்த்தார்கள்.

"எங்க போச்சு?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கும்."

"சத்தம் கேக்கலியே."

"முள்ளுல விழுந்தா எங்க கேக்கும்? வாங்கய்யா, இருட்டறதுக்குள்ள தேடுவோம்."

டாக்டர் முன்னால் போக, எல்லோரும் உடைந்த சுவர் வழியாக அந்தப் பக்கம் இறங்கினார்கள். மைதானத்தில் அவனும் அவளும் மட்டும். காற்று சுத்தமாக நின்றிருந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கியின் நிழல் தளத்தின் குறுக்கே நீண்டு, கட்டத்தின் கோட்டை இப்போதுதான் தொட்டது.

அப்போது கேட்டது.

ஃபூ. ஃபூ. ஃபூ.

எஞ்சின் இல்லாத இறக்கை. வெறும் காற்றை அறுக்கிற சத்தம். நேர் மேலே. தூரத்தில்.

"என்ன மாமா மேலயே பாக்கறீங்க?"

"உனக்குக் கேக்கலியா?"

"என்னது?"

சத்தம் ஒரு படி இறங்கியிருந்தது. அவசரம் இல்லை அதற்கு. ஒரு வருடமாக இறங்கிக்கொண்டிருப்பதற்கு என்ன அவசரம்? பட்டறையில் மெஷினை நிறுத்தினதும் வருகிற அமைதியில், ராத்திரி விசிறி நின்ற கணத்தில், ஏதோ ஒன்று எட்டத்தில் மூச்சு விடுகிற மாதிரி அவனுக்குப் பட்டிருக்கிறது. காதில் கோளாறு என்று நினைத்திருந்தான்.

"கெடச்சிடுச்சு!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரர் குரல். "முள்ளுல மாட்டிட்டிருக்கு! எஞ்சின் இன்னும் சுடுது!"

கிடைத்துவிட்டது. அங்கே கிடக்கிறது.

ஃபூ. ஃபூ.

இங்கே இறங்குகிறது.

அவன் வியர்வையைத் துடைக்கக் காலருக்குக் கையைக் கொண்டுபோனான். டாக்டரின் கிளிப் தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கழற்றிப் பார்க்கவில்லை. விரலால் தடவினான். மரம் சொரசொரவென்றிருந்தது. நுனியில் பள்ளம் பள்ளமாக, பல் பட்ட தடம். ஈரமாக.

"அம்மா," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "பேட்டரி தீரல."

அவள் திரும்பினாள்.

"அன்னிக்கு அது தீரல. விழுந்து கெடக்கறப்பகூட ஓடிட்டிருந்துச்சு. நான்தான் அணைச்சேன். நீ சார்ஜ் போடாதது ஒண்ணும் பண்ணல. நான்… கொட்டகைல இருந்தேன். சத்தம் நின்னுடுச்சு. எறங்கிட்டான்னு நெனச்சேன். கிளிப் வாங்காம ரிமோட்டப் போட்டுட்டேன். ரெண்டே செகண்டு."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், பழைய பேட்டரியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், நெடுநேரம்.

"பாப்பா ராத்திரில எழுந்து ஸ்விட்சயெல்லாம் எண்ணறா மாமா," என்றாள். "அம்மா மறந்துடுவேன்னு. ஆறு வயசு."



அவள் குனிந்து பேட்டரியைச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலைப் பார்க்க நான்கு எட்டு நடந்து, நின்றாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க," என்றாள் திரும்பாமலே. "அவர்கிட்ட சொன்னீங்களா?"

போய்விட்டாள். பிள்ளையை நாளைக்கு எங்கும் கொண்டுபோய் விடமாட்டாள். நடை சொன்னது. அந்த ஒரு நிம்மதி அவன் நெஞ்சில் வந்து நிற்பதற்குள் சத்தம் தலைக்கு மேல் வந்துவிட்டது.

ஃபூ.ஃபூ.ஃபூ.

பின்கழுத்தில் காற்று. காலரில் இரண்டு கிளிப்புகளும் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. மைதானத்தில் ஒரு புல்கூட அசையவில்லை. அவனைச் சுற்றி மட்டும் புல் படுத்திருந்தது. வட்டமாக. வட்டம் சுருங்கிக்கொண்டு வந்தது.

பெரியவன் அண்ணாந்தான்.

"டேய்," என்றான். "சின்னவனே. டேய், நான்…"

மேலே சத்தம் ஓர் இடத்தில் நின்றது. காற்று முன்பக்கம் ஒரு தடவை சாய்ந்து முகத்தில் அடித்தது. நிமிர்ந்தது. மறுபடி ஒரு தடவை.

விளக்கெண்ணெய் வாசனை. பின்னால் யாரோ நெருங்கி நிற்கிற குளிர். இரண்டு விலாவையும் ஒட்டிக்கொண்டு இரண்டு கைகள் முன்னால் வந்தன, கற்றுக்கொடுக்கிறவன் கைகள் மாதிரி. பெரியவன் குனிந்து ரிமோட்டைப் பார்த்தான். தன் கட்டைவிரல்கள்மேல் இன்னும் இரண்டு கட்டைவிரல்கள். இடது விரலில் பாதி நகம்.

அது, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி, மெதுவாக, இடது குச்சியைக் கீழே இழுத்தது.